பிறேக் கலிப்பரை வீட்டு முற்றத்தில் கழற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கராச் வைத்திருக்கிறவன் அல்ல. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டு மாமரத்துக்குக் கீழே சொந்தக் காரையும் சொந்தக்காரரின் கார்களையும் பார்த்துக்கொள்கிறவன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் எல்லோரும் இருந்த காரையே இழுத்துப் பிடித்து ஓடினோம். 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் மரத்தடியில் நின்ற கார்கள் வேறு. அதற்குப் பிறகு என்னிடம் வந்த கேள்விகளில் பாதி பிறேக் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

இதை வீட்டில் செய்யலாமா? பிறேக் அல்லவா, பயமாக இருக்கிறது.

பயம் இருப்பது நல்லது, அது கையை மெதுவாக்கும். கலிப்பர் என்பது சில்லோடு சுற்றும் டிஸ்க்கை நெரித்துப் பிடிக்கும், வெளியே போல்ட் இரண்டும் உள்ளே பிஸ்டன் ஒன்றும் உள்ள சாமான். அதைக் கழற்ற விசேஷக் கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது துப்புரவும், எந்தத் திரவம் எந்த றப்பரில் படலாம் என்ற அறிவும், "இது இனி என் வேலை இல்லை" என்று நிறுத்தத் தெரிந்த மனமும்தான். சில்லு மாற்றியதே இல்லை என்றால் இதில் தொடங்க வேண்டாம். பாட் (டிஸ்க்கில் உரஞ்சித் தேயும் கட்டை) மாற்றிப் பழகியிருந்தால் அடுத்த படி இது.

கலிப்பருக்குள் என்னதான் இருக்கிறது?

நம்மூரில் ஓடுகிற சிறிய ஜப்பான் கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் ட்றம். முன்பக்கக் கலிப்பரில் பிஸ்டன் ஒன்றே ஒன்று. அது உள்பக்கப் பாட்டை டிஸ்க்கில் அமத்தும். அமத்திய கையோடு கலிப்பர் முழுவதும் இரண்டு கைட் பின்களில் வழுக்கி எதிர்ப்பக்கம் நகர்ந்து, வெளிப்பக்கப் பாட்டையும் இழுத்து அமத்தும்.

பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள றப்பர் சீல் ஒன்று பள்ளத்தில் இருக்கும். இந்தச் சீல் ஒயிலை மறிக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பெடலை மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே முறுகும். காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னால் இழுத்துவிடும். சில்லு லேசாகச் சுற்றுவது அந்த மயிரிழையால்தான். பள்ளத்தில் அழுக்கோ துருவோ சேர்ந்தால் சீல் முறுக இடமில்லாமல் போகும், பிஸ்டன் திரும்பாது, பாட் உரஞ்சிக்கொண்டே இருக்கும்.

முன் சில்லு ஒன்று சூடாகிறது, கருகின மணமும் வருகிறது. கலிப்பர்தான் பிழை என்று எப்படித் தெரியும்?

உடனே பிஸ்டனைக் கழற்ற ஓடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

காரை ஜாக்கில் தூக்கி, ஒருவர் பெடலை மிதித்து விடட்டும். பிறகு சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கலிப்பரில் உள்ள எயர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சின்னக் குழாய் மூக்கு) கொஞ்சம் திறவுங்கள். நாலு சொட்டு ஒயில் பாய்ந்ததும் சில்லு லேசாகிவிட்டதா? அப்படியென்றால் கலிப்பரில் பிழை இல்லை. அழுத்தம் எங்கேயோ அடைபட்டு நிற்கிறது: கலிப்பருக்கு ஒயில் கொண்டுவரும் றப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம், அல்லது பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் சிக்கல். பழைய ஹோஸ் வெளியே புதுசுபோல இருக்கும், உள்ளே தொண்டை கட்டியிருக்கும்.

திறந்தும் லேசாகவில்லையா? இப்போது கைட் பின்களைப் பாருங்கள். கலிப்பரைக் கழற்றி, பின்கள் இரண்டையும் விரலால் உள்ளே வெளியே தள்ளுங்கள். நல்ல பின் வெண்ணெயில் கத்திபோலப் போகும். நான் பார்த்த இறுகின கலிப்பர்களில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி பின்தான், பிஸ்டன் அல்ல. மூன்று பக்கமும் கடலும் நடுவில் களப்பும் உள்ள ஊரில், பின்னை மூடியிருக்கும் சின்ன றப்பரில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வருகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பின் இறுகியிருந்தால் வேலை அரை மணித்தியாலம்: இழுத்தெடுத்து, துருவைத் துடைத்து, துளையைச் சுத்தம் செய்து, பிறேக்குக்கு உரிய சிலிக்கன் கிறீஸ் பூசி, வெடித்த றப்பரை மாற்றிப் போடுங்கள். ஒயில் வழியைத் திறக்கவே தேவையில்லை. ஒன்று கவனியுங்கள்: சில கார்களில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றின் நுனியில் றப்பர் வளையம் இருக்கும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள்.

பின் நன்றாக வழுக்கியும் சில்லு இறுக்கமா? சரி, இனிப் பிஸ்டன்.

என்ன சாமான் வேண்டும்?

12, 14, 17 இலக்கச் சொக்கெட், நிப்பிளுக்கு 8 அல்லது 10 இலக்க வளைய ஸ்பானர், ஜாக், இரண்டு ஸ்டாண்ட், தச்சு வேலைக்காரரிடம் இருக்கும் ஜி கிளாம்ப் ஒன்று, கட்டுக்கம்பி, பலகைத் துண்டுகள், பழைய சாரம் இரண்டு, தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், வெற்றுப் போத்தல். புதிதாக வாங்க வேண்டியவை: உங்கள் காரின் வருடமும் மொடலும் சொல்லி வாங்கிய சீல் கிற், ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு செம்பு வாசர், மூடி உடைக்காத பிறேக் ஒயில் போத்தல். இவை கையில் வந்த பிறகுதான் காரைத் தூக்க வேண்டும். கலிப்பரைப் பிரித்துப் போட்டுவிட்டு, சைக்கிளில் கடை கடையாய் ஏறி இறங்கிய ஒரு சனிக்கிழமை எனக்கு உண்டு. ஞாயிறு கடை பூட்டு.

ஸ்டாண்ட் இல்லை. சீமெந்துக் கல்லு வைக்கலாமா?

கூடாது. மதில் கட்டுகிற பொள்ளல் கல்லு மேலிருந்து பரவலாக வரும் பாரத்தைத் தாங்கச் செய்தது. காரின் விளிம்பு ஓரிடத்தில் குத்தி நின்றால் எந்தச் சத்தமும் இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டை இரவல் வாங்குங்கள். அது கிடைக்கும்வரை சில்லைக் கழற்ற வேண்டாம். கழற்றிய சில்லை எப்போதும் காரின் விளிம்புக்குக் கீழே படுக்கப் போட்டு வையுங்கள். மணல் முற்றமென்றால் ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த பலகை.

எந்தக் கார்களில் நான் கை வைக்கக் கூடாது?

டொயோட்டா ஹைபிரிட்கள்: பிரியஸ், அக்குவா போன்றவை. அவற்றில் பிறேக் அழுத்தத்தைக் கணினி தானாகவே எழுப்பும். நீங்கள் கலிப்பரில் விரல் வைத்திருக்கும்போது யாரோ சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால்கூடப் பம்ப் வேலை செய்யலாம். எயர் எடுக்கவும் (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றவும்) ஸ்கானர் வேண்டும். இவற்றை விஷயம் தெரிந்த கராச்சுக்குக் கொண்டுபோங்கள்.

பின்பக்கமும் டிஸ்க் உள்ள கார்களில் கைபிறேக் அதே கலிப்பரில் இருந்தால், பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளே உள்ள திருகு உடையும். பொத்தானில் இயங்கும் கைபிறேக் என்றால் தொடவே வேண்டாம். இங்கே எழுதுவதெல்லாம் முன்பக்க ஒற்றைப் பிஸ்டன் கலிப்பருக்கு.

எங்கள் அப்பப்பாவின் ஒஸ்ரின் காருக்கும் இதே முறையா?

அதில் நாலு சில்லுக்கும் ட்றம், தம்பி. கலிப்பரே இல்லை.

சரி, எங்கே தொடங்குவது?

நிப்பிளில். சில்லு கழற்றியதும் முதலில் அதைத்தான் சோதிக்க வேண்டும். துருப்பிடித்த நிப்பிள் முறிந்தால் வேறு எந்த வேலையும் பயனில்லை. கம்பித் தூரிகையால் சுற்றிவரத் துப்புரவாக்கி, துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு, வளைய ஸ்பானரால் சற்று இறுக்கும் பக்கம் அசைத்துப் பிறகு இளக்குங்கள். வாய் திறந்த ஸ்பானர் மூலைகளைச் சிதைத்துவிடும். அசையவே இல்லையா? அங்கேயே நிறுத்தி, றீகண்டிஷன் கலிப்பர் ஒன்று கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அடுத்து, ஹோஸ் போல்ட்டையும் கலிப்பர் காரில் பூட்டியிருக்கும்போதே ஒரு தடவை இளக்கித் திரும்ப இறுக்கி வையுங்கள். கலிப்பர் கையில் ஆடும்போது அந்த போல்ட்டோடு மல்லுக்கட்ட முடியாது. பிறகுதான் கைட் பின் போல்ட்களைக் கழற்றி, பாட்களை எடுத்துவிட்டு, கலிப்பரைக் கட்டுக்கம்பியால் மேலே ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஹோஸில் தொங்க விடக் கூடாது.

பாட் தூசியை வாயால் ஊதாதீர்கள், எயர் அடிக்காதீர்கள். பழைய பாட்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையே எறிந்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மற்றப் பக்கம் பூட்டியபடி இருந்தால், எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று எட்டிப் பார்த்து வரலாம்.

பிஸ்டனை இழுக்கிற கருவி இல்லை. எப்படி வெளியே எடுப்பது?

கருவி ஏற்கனவே காரில் இருக்கிறது: பிறேக் பெடல். கலிப்பரை ஹோஸில் இருந்து பிரிக்க முன் அதையே பயன்படுத்துங்கள்.

பிஸ்டனுக்கும் கலிப்பரின் விரல்களுக்கும் நடுவில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். பிஸ்டன் வெளியே வர இடம் வேண்டும், முழுக்க விழவும் கூடாது. அந்த அளவுத் தடிப்பு. கீழே ஒரு தட்டு, சுற்றிவரச் சாரம். எஞ்சின் நிற்கட்டும். வீட்டில் பொறுமையான ஆள் ஒருவரைப் பெடலில் இருத்துங்கள். நீங்கள் "மிதி" என்றால் மிதிக்கவும் "விடு" என்றால் விடவும் வேண்டும், வேறெதுவும் பேசக் கூடாது. என் மகள் இதில் கெட்டிக்காரி. என் மைத்துனர் நடுவில் கைத்தொலைபேசி எடுப்பார்.

பழைய காரென்றால் பெடலின் கீழே ஒரு கட்டை வைத்து, அது அடிவரை போகாமல் மறியுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி வருடக்கணக்காகப் பயன்படாமல் கரடுதட்டிப் போயிருக்கும். அதில் சீல் உரஞ்சினால் ஒரு வேலை இரண்டு வேலையாகும்.

ஒவ்வொரு மிதிக்கும் பிஸ்டன் சில மில்லிமீற்றர் வெளியே வரும். இறுகிய பிஸ்டன் முதலில் அசையாது. பிறகு "டக்" என்று ஒரு சத்தத்தோடு விடும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. இடைக்கிடை பொனற்றுக்குள் பார்த்து ஒயில் தாங்கியை நிரப்புங்கள். கணக்குப் பாருங்கள்: 51 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன் 4 சென்ரிமீற்றர் வெளியே வந்தால், அதன் பின்னால் ஏறக்குறைய 80 மில்லிலீற்றர் ஒயில் போயிருக்கும். தாங்கி வற்றினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று ஏறும். ஏபிஎஸ் உள்ள காரில் அந்தக் காற்று ஏபிஎஸ் பம்புக்குள் போய்ச் சேர்ந்தால் வீட்டில் எடுப்பது கடினம்.

பிஸ்டனின் வெளி ஓரத்தை மூடியிருக்கும் தூசி றப்பர் நன்றாக இழுபட்டு, பிஸ்டனின் பெரும்பகுதி வெளியே தெரிந்ததும் நிறுத்துங்கள். இப்போது ஒரு சின்னத் தந்திரம். பெடலை ஒரு அங்குலம் அமத்தி, சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவில் தடியொன்றை முண்டு கொடுத்து வையுங்கள். தாங்கிக்கும் குழாய்க்கும் இடையே உள்ள துளை அடைபடும், ஹோஸைக் கழற்றினாலும் ஒயில் முழுவதும் ஒழுகி ஓடாது. பிறேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், ஆகவே பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். பிறகு ஹோஸ் போல்ட்டைக் கழற்றி, கலிப்பரை மேசைக்குக் கொண்டுபோய், பிஸ்டனைக் கையால் இடமும் வலமும் திருகி எடுங்கள். உள்ளே மிச்ச ஒயில் இருக்கும், கவிழ்த்துப் பிடியுங்கள். குறட்டால் பிஸ்டனின் வெளிப்புறத்தைப் பிடித்தால் அந்தக் கீறல் வழியாகவே நாளைக்கு ஒயில் கசியும்.

ரயருக்குக் காற்றடிக்கும் பம்பால் தள்ளி எடுக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்து செய்யுங்கள். அதே 51 மில்லிமீற்றர் பிஸ்டனின் முகம் ஏறக்குறைய 20 சதுர சென்ரிமீற்றர். ரயருக்கு அடிக்கிற 30 பிஎஸ்ஐ காற்றே அதை 40 கிலோவுக்கு மேல் தள்ளும். கராச்சில் உள்ள 100 பிஎஸ்ஐ கொம்பிரசர் 140 கிலோ. பெடலால் வரும் பலம் இதைவிடப் பெரியது, ஆனால் திரவம் சுருங்கி விரியாது, பிஸ்டன் விட்டதும் அந்த அழுத்தம் அங்கேயே செத்துவிடும். காற்று அப்படியல்ல, சுருங்கி இருந்தது விரியும், பிஸ்டன் துவக்குக் குண்டுபோல வரும். காற்றுத்தான் வழி என்றால் சைக்கிள் பம்ப் போதும். நடுவில் பலகை, மேலே சாரம் மூடி, விரல் ஒன்றும் கலிப்பருக்குள் இருக்கக் கூடாது.

கிறீஸ் கன்னால் தள்ளுகிற முறையும் உண்டு. பிஸ்டன் கட்டாயம் வரும், ஆனால் பிறகு ஒவ்வொரு துளையிலும் சாதாரணக் கிறீஸ் ஒளிந்திருக்கும். அது றப்பருக்கு நஞ்சு. நான் செய்வதில்லை.

மண்ணெண்ணெயால் கழுவலாமா? எஞ்சின் சாமான்களை அப்படித்தானே கழுவுகிறோம்.

மண்ணெண்ணெய் நமக்கு வெறும் எண்ணெய் அல்ல என்பது தெரியும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல், நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் எடுத்து, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. அதனால் எதற்கும் மண்ணெண்ணெய் என்று கை போகும். பிறேக்கில் மட்டும் அது கூடாது.

பிறேக் சீல்கள் செய்யப்படும் றப்பர் வகை கிளைக்கோல் பிறேக் ஒயிலோடு ஒத்துப்போகும், கனிய எண்ணெயோடு ஒத்துப்போகாது. மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், எஞ்சின் ஒயில், சாதாரணக் கிறீஸ் எது பட்டாலும் ஊறி வீங்கும். இரண்டு சீலை எடுத்து, ஒன்றைப் பிறேக் ஒயிலிலும் மற்றதை மண்ணெண்ணெயிலும் ஒரு இரவு போட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெயில் கிடந்தது பள்ளத்துக்குள் பொருந்தவே பொருந்தாது, விரலால் நசித்தால் பொதுபொதுவென்று இருக்கும். காரில் இது நடந்தால் பிஸ்டன் இறுகும், எதற்காகக் கழற்றினீர்களோ அதே வருத்தம் ஒரு கிழமையில் திரும்ப வரும்.

கழுவ வேண்டியது புதிய பிறேக் ஒயிலால், அல்லது மெதிலேற்றட் ஸ்பிரிட்டால், அல்லது பிறேக் கிளீனரால். துரு இளக்கும் எண்ணெய் உள்ளே போயிருந்தாலும் ஸ்பிரிட்டால் நன்றாகக் கழுவி உலர விடுங்கள். கிணற்றுத் தண்ணீரால் கழுவி வெயிலில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நம்முடைய தண்ணீரில் சுண்ணாம்பும் சில இடங்களில் உப்பும் இருக்கிறது, வேண்டாம்.

தேங்காயெண்ணெய், ஆமணக்கெண்ணெய் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஆரம்ப காலப் பிறேக் ஒயில்களில் ஆமணக்கெண்ணெய் இருந்தது உண்மை. அந்தக் காலத்து றப்பரும் வேறு. இப்போது அது சமையலறைப் போத்தலிலேயே இருக்கட்டும்.

பழைய சீலைத் திரும்பப் போடலாமா? பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறதே?

சீல் புதியதுதான். வெளியே எடுத்த சீலைத் திரும்பப் போடும் பேச்சே இல்லை. அதை எடுக்க ஸ்குறூ டிறைவர் வேண்டாம். மூங்கில் சிராய் ஒன்றைச் சீவி, அதன் முனையால் நெம்புங்கள். பள்ளத்தின் விளிம்பில் இரும்பு பட்டால் கீறும். அதே சிராயில் துணியைச் சுற்றிப் பள்ளத்தைச் சுற்றிவரத் துடையுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை. இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் போக வேண்டும்.

பிஸ்டனை வெயிலில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். தூசி றப்பருக்கு வெளியே இருந்த ஓரத்தில் துருக்கறை இருந்தால் துடைத்தால் போதும். சீல் உரசுகிற பகுதியில் நகத்தில் தட்டுப்படுகிற குழி ஒன்று இருந்தாலும் பிஸ்டன் மாற்ற வேண்டும். குறோம் பூச்சில் சான்ட் பேப்பர் போட்டால் பூச்சுப் போய், அடுத்த மாரியில் முழுவதும் துரு. கலிப்பரின் உள்சுவரில் லேசான கறை என்றால் 1000 இலக்கத் தாளைப் பிறேக் ஒயிலில் நனைத்து மெதுவாகச் சுற்றலாம். பிஸ்டன் கறுப்பு அல்லது மண்ணிறப் பிளாஸ்டிக் போல இருந்தால் அது பீனோலிக். துருப்பிடிக்காது, ஆனால் விளிம்பு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

புதிய சீலைப் புதிய பிறேக் ஒயிலில் நனைத்துப் பள்ளத்தில் இருத்துங்கள், முறுகாமல். விரலால் சுற்றிவரத் தடவினால் முறுகிய இடம் கையில் படும். பிஸ்டனையும் ஒயிலில் நனைத்து, நேராகப் பிடித்துக் கட்டை விரல்களால் தள்ளுங்கள். சரியாக இருந்தால் கைப்பலத்திலேயே போகும். சரிந்து நின்றால் வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள். சுத்தியல் வேண்டாம். கடைசிக் கொஞ்சத்துக்குப் பழைய பாட்டை மேலே வைத்து ஜி கிளாம்பால் மெதுவாக அமத்தலாம். தூசி றப்பரின் உதடு பிஸ்டனின் காடிக்குள் விழ வேண்டும், பொறுமை வேண்டிய இடம் அது.

முறுக்குமானி ஸ்பானர் இல்லை. எவ்வளவு இறுக்குவது?

மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் தொங்கு தராசு ஒன்று போதும். ஸ்பானரின் கைபிடியில் தராசைக் கொளுவி, கைபிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். டொயோட்டாவின் சிறிய கார்களில் சில்லு நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர். அரை மீற்றர் நீளக் கைபிடியின் நுனியில் 21 கிலோ இழுத்தால் அது வந்துவிடும். ஹோஸ் போல்ட்டுக்கும் கைட் பின் போல்ட்டுக்கும் சுமார் 30. 20 சென்ரிமீற்றர் ஸ்பானரில் 15 கிலோ. கலிப்பர் ஏறி நிற்கும் பிறக்கெட்டைத் தாங்கும் பெரிய போல்ட்களுக்கு 100 அளவில் வரும். நிப்பிளுக்கு 8 போதும், சின்ன ஸ்பானரில் மணிக்கட்டுப் பலம் மட்டும். இவை பொதுவான அளவுகள். உங்கள் காரின் கையேட்டில் வேறு சொன்னால் கையேட்டின் பேச்சைக் கேளுங்கள்.

எவ்வளவு எயர் எடுத்தும் பெடல் பஞ்சுபோல இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. முதன்முதலில் செய்தபோது பொறுமையில்லாமல் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றிவிட்டேன். பின்னேரம் நாலு மணிக்குப் பூட்டி முடித்து, இரவு பத்து மணிவரை எயர் எடுத்தேன். ஒரு போத்தல் ஒயில் போய் இரண்டாவதும் போய், பெடல் அப்படியே. மனைவி ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "இந்தக் குழாய் மூக்கு முன்னம் மேலேயல்லவா இருந்தது?" என்றாள். இடத்துக் கலிப்பரை வலத்திலும் வலத்துக் கலிப்பரை இடத்திலும் பூட்டியிருந்தேன். இரண்டும் அழகாகப் பொருந்தும். ஆனால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே நிற்கும், ஒயில் மட்டும் கீழே வெளியேறும். விடியும்வரை எடுத்தாலும் வராது.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால்: தெளிவான குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள் மூழ்கி இருக்கட்டும். மிதித்துப் பிடிக்கச் சொல்லி, திறந்து, மூடி, பிறகு விடச் சொல்லுங்கள். மூட முன் காலை எடுத்தால் காற்றைத் திரும்ப உள்ளே இழுக்கும். ஆள் இல்லையென்றால் நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாகச் சொட்ட விடுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் வேலை செய்யும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பெடல் சற்றுத் தாழ்வது மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரால், அது பிழை அல்ல.

டொட் 3, டொட் 4: எது?

இவை பிறேக் ஒயிலின் வகைகள். காரின் ஒயில் தாங்கி மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது. புதிய டொட் 3 குறைந்தது 205 பாகையிலும் டொட் 4 230 பாகையிலும் கொதிக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140க்கும் 155க்கும் இறங்கிவிடும். நம்மூர் ஈரக்காற்றில் அலுமாரியில் பாதி கிடந்த போத்தல் என்ன நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். டொட் 5 சிலிக்கன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பெயின்ரில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பழைய ஒயிலை எங்கே ஊற்றுவது?

முற்றத்தில் அல்ல, வேலியடியிலும் அல்ல. நாம் குடிக்கிற தண்ணீர் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிறது, மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை மறந்திருக்காது. மூடியுள்ள போத்தலில் சேர்த்து, பழைய ஒயில் வாங்குகிற கராச்சில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

முடிந்தது. இனி றோட்டில் இறங்கலாமா?

கார் அசைய முன் பெடலைப் பல தடவை மிதியுங்கள். கிளாம்பால் உள்ளே தள்ளிய பிஸ்டன் பாட்டைத் தொடும்வரை முதல் இரண்டு மூன்று மிதி வெறுமையாகப் போகும். இதை மறந்து காரைப் பின்னுக்கு எடுத்து மதிலில் இடித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும், மதில் என்னுடையது. எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்து, ஹோஸ் போல்ட்டில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்தாலோ ஈரம் தெரிந்தாலோ கார் வளவைவிட்டு வெளியே போகக் கூடாது.

பிறகு ஒழுங்கைக்குள் நடை வேகத்தில் ஒரு சுற்று. பிறகு வெறிச்சென்ற றோட்டில் 30, 40 வேகத்தில் பத்துத் தடவை மெதுவாகப் பிறேக் பிடித்துப் பாருங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு முன் சில்லுக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் சரி. அடுத்த நாள் காலையில் ஒயில் தாங்கியின் மட்டத்தையும் சில்லின் உள்பக்கத்தையும் திரும்ப ஒருக்கால் பாருங்கள், நட்டையும் தராசு போட்டு இழுத்துப் பாருங்கள்.